கன அடிக் கணக்கு

காரைக்குடியிலிருந்து வந்திருக்கிறேன்.
கையில் முப்பது மீட்டர் நாடா, ஓர் உளி,
உப்புக் காற்றுக்குப் பயந்து
நெகிழிப் பையில் சுற்றிய கால்குலேட்டர்.
மரம் பார்ப்பது தொழில்.
வீடு பார்ப்பதில்லை.

கீழக்கரையில் தெற்குப் பார்த்து நிற்கிறது
மக்தூமாவின் பங்களா.
இருபத்து நான்கு குட்டைத் தூண்கள், பவளக் கல்.
அவற்றின்மேல்
மண்ணைத் தொடாமல்
முழுக்க முழுக்க மரம்.
அடியில் ஆடுகள் படுத்திருக்கின்றன.
போன ஐப்பசியில் அலை வந்து படுத்ததாம்
அதே இடத்தில்.

மூன்று பக்கமும் தாழ்வாரம்.
சாய்பலகை ஜன்னல்கள் பதினெட்டு.
நடுக் குச்சியை இழுத்தால்
எல்லாப் பலகையும் ஒன்றாகக் கண் திறக்கின்றன.
வெயிலை வாசலிலேயே நிறுத்திவிட்டு
கச்சானை மட்டும்
நறுக்கி நறுக்கி உள்ளே விடுகின்றன.
முக்கோண முகப்பில்
தாழை மடல்போல் பலகையில் அறுத்த சரிகை.
(கன அடியில் வராது. பெங்களூர்க்காரர்கள்
தனியாக வாங்குவார்கள். குறித்துக்கொண்டேன்.)

தரைப் பலகை இடுக்கில் உளியை வைத்துப் பார்த்தேன்.
நுழையவில்லை.
பஞ்சு திணித்து
குங்கிலியம் காய்ச்சி ஊற்றியிருக்கிறது.
கலப்பத்து.
வீட்டுக்கு எதற்குக் கலப்பத்து?
அண்ணாந்தால் கூரை:
கவிழ்த்துப் போட்ட தோணியின் வயிறு.
விலா எலும்பை எண்ணலாம்.
வீடு கட்டத் தெரியாத யாரோ
தெரிந்ததைக் கட்டியிருக்கிறான்.

ஆணி தேடினேன்.
ஆணி இருந்தால் விலையைக் குறைப்போம்.
குறைக்க வழியில்லை.
மரத்தின் நாக்கு மரத்தின் வாய்க்குள்
அவ்வளவுதான் பூட்டு.
பூட்டுக்குப் பூட்டு எறும்பளவு கீறல்.
க. உ. ங.
பூச்சி என்று நினைத்துத் துடைத்தேன்.

"எண்ணு" என்றாள் மக்தூமா.
மருந்துக் கடையை மதியத்துக்கு அடைத்துவிட்டு
சாவியோடு நின்றாள்.
"பழைய தமிழ் எண்ணு.
மௌல்மீன்ல செஞ்சு, கோத்துப் பார்த்து,
கழட்டி, கப்பல்ல ஏத்தி,
இங்க இறக்கி மறுபடி கோத்தது."

இருநூறாவது உத்தரத்தில்
உள
என்று வெட்டியிருந்தது.
இருநூறு என்றும் படிக்கலாம்,
இருக்கின்றன என்றும் படிக்கலாம்.
நான் இருநூறு என்றே எழுதினேன்.

ஆயிரத்து நூற்று நாற்பது கன அடி.
ஒரு தொகை சொன்னேன்.
நல்ல தொகைதான், என் லாபம் போக.

"விலை கேக்கலையே" என்றாள்.
"கழட்டக் கூலி கேட்டேன்.
முந்நூறு அடி வடக்கே மனை முடிச்சிருக்கு.
கடல் வரும்போது
நகரத் தெரிஞ்ச வீடு ஏன் நிக்கணும்?"

இருபத்தோரு வருடம்
கழற்றிய எதையும் திரும்பக் கோத்ததில்லை நான்.
சொல்லவில்லை.
நாடாவைச் சுருட்டுகிற சாக்கில்
இன்னொரு சுற்றுப் போனேன்.

தென்மேற்கு மூலையில் ஒரு தூணுக்கு
எண் இல்லை.
தேக்கும் இல்லை. உருண்டை.
உச்சியில் கப்பி உருண்ட தழும்பு.
ஏதோ ஒரு புயலுக்குப் பிறகு
கரை ஒதுங்கிய பாய்மரத்தை
அவசரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.
என் நோட்டில் அது விறகு.
ஆனால் தாழ்வாரத்தின் அந்தப் பாதி
அதன் தோளில்தான் இருக்கிறது.

"இது எதில் சேர்த்தி?"
"கடைசியா கழட்டுங்க. முதல்ல நிறுத்துங்க.
அதுக்கும் ஒரு எண்ணு போட்டுருங்க."

வரிசை நானூற்றுப் பதினொன்றில் முடிந்திருந்தது.
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
அடுத்ததை எழுதிக் காட்டினாள்:
சளயஉ.
சுழியெல்லாம் எனக்குப் பழக்கமில்லை.
உளியைச் சாய்த்துப் பிடித்தேன்.
உப்பில் ஊறிய மரம்.
முதல் எழுத்தே கோணிக்கொண்டு போயிற்று.